450-க்குக் கீழே

ஜீனியா, ஒஹாயோ

குதிரைப் பந்தயத் தடத்தின் நடுவிலிருக்கும் புல்வெளி முழுக்க மேசை போட்டிருக்கிறார்கள். மேசை மேல் ரேடியோ, மேசைக்கு அடியில் ரேடியோ, பின்கதவைத் திறந்துவைத்த வேன்களுக்குள்ளும் ரேடியோ. முந்தின இரவு பெய்த மழையில் தரை சொதசொதவென்று கிடக்கிறது. ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர்கள் கைவண்டியை இழுத்துக்கொண்டு மேசை மேசையாக நின்று நின்று போகிறார்கள். உரிமம் பெற்ற அமெச்சூர்களான ஹாம் ரேடியோக்காரர்கள் ஆண்டுதோறும் மே மாதம் வந்து கூடும் ஹாம்வென்ஷன் இதுதான். 1952-இல் டேட்டன் நகரில் தொடங்கிய திருவிழா. நீண்ட காலம் ஹாரா அரீனா என்ற அரங்கில் நடந்துவந்தது; 2016-இல் அந்த அரங்கம் மூடப்பட்டதும், 2017 முதல் பக்கத்து ஊரான ஜீனியாவின் கண்காட்சி மைதானத்துக்கு இடம் மாறிவிட்டது.

புதிய செட்டுகள் கூரைக்குள் இருக்கும் ஸ்டால்களில் மின்னுகின்றன. அந்தப் பக்கம் நான் அதிகம் போகவில்லை. நான் தேடி வந்தவை வெளியே ஈரப் புல்லில் கிடக்கும் சாம்பல் நிறப் பெட்டிகள்: ஜெனரல் எலக்ட்ரிக்கின் மாஸ்டர் டூ, மோட்டரோலாவின் மைகார். 1970-களில் அமெரிக்கப் போலீசும் தீயணைப்பு நிலையங்களும் டாக்ஸிக் கம்பெனிகளும் நம்பியிருந்த யு.எச்.எஃப். செட்டுகள் இவை. ஒவ்வொன்றும் நல்ல கனம். இரண்டு கையாலும் தூக்கினால்தான் நகரும்.

இவை இங்கே குவிந்ததற்கு ஒரு தேதி உண்டு. 2013 ஜனவரி 1-க்குள் இத்தகைய தொழில்முறை ரேடியோக்கள் தங்கள் அலைவரிசையின் அகலத்தைப் பாதியாக, 12.5 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தாக வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. உத்தரவு போட்டது. பழைய அகல வரிசை செட்டுகளை ஊராட்சிகளும் மருத்துவமனைகளும் பள்ளிப் பேருந்து நிலையங்களும் வண்டி வண்டியாகக் கழித்தன. ஹாம்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அதனால், உழைக்கத் தெம்பிருந்தும் வேலை இழந்த ஆயிரக்கணக்கான ரிசீவர்கள் ஹாம்களின் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தன. அன்று வந்தவைதான் இன்றும் மேசை மாறி மேசை மாறிக் கைமாறுகின்றன.

இந்த ரிசீவர்களை ஹாம்கள் ரிப்பீட்டர்களில் வைக்கிறார்கள். ரிப்பீட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கையடக்க செட்டின் குரல் மலைகளையும் கட்டடங்களையும் தாண்டாது. உயரமான ஓரிடத்தில் ஒரு ரிசீவர் அந்தப் பலவீனமான குரலைக் கேட்டு, அதே நொடியில் வேறொரு அலைவெண்ணில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வழியே திருப்பி ஒலிபரப்பும். மாவட்டம் முழுக்கக் கேட்கும். அமெரிக்காவின் யு.எச்.எஃப். ஹாம் ரிப்பீட்டர்கள் பெரும்பாலும் 440-க்கும் 450 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் இயங்குகின்றன. இந்தச் சாம்பல் பெட்டிகள் 450-க்கும் 470-க்கும் இடையில் வேலை செய்யப் பிறந்தவை. அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறக்குவதுதான் வேலை.

ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், நான் ஒரு மாஸ்டர் டூவின் மூடியைக் கழற்றி உள்ளே குனிந்து பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "அது இந்த மாவட்டத்துச் செட்டு, நானே சர்வீஸ் செய்தது" என்றார். ஷெரிஃப் அலுவலகங்களுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் ரேடியோ பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். பேச்சு வளர்ந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொன்னார்.

ஜீனியாவுக்கு வெளியே, ஒரு கொட்டகை

போகும் வழியில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் பக்கம் வண்டியைத் திருப்பி, யங்ஸ் ஜெர்ஸி டெய்ரியில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பின்னால் தொழுவம், முன்னால் கடை. தொழுவத்து வாசனையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடியே பேசிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் வரப்பே இல்லாத வயல்கள். காவேரிக் கரையில் பிறந்தவனுக்கு இந்தப் பரப்பு பழகவே மாட்டேனென்கிறது. வயலில் ஆளே இல்லை, தொலைவில் ஒரு டிராக்டர் மட்டும்.

அவருடைய கொட்டகையில் ஒரு நீண்ட மேசை, சிக்னல் ஜெனரேட்டர், முள் மீட்டர், ஓரம் மடிந்து பழுத்த ஜி.இ. கையேடுகள். அந்தக் கையேட்டில் முழு சர்க்யூட்டும் இருக்கிறது. எந்தப் புள்ளியில் எவ்வளவு வோல்ட்டேஜ் வர வேண்டும், எந்தத் திருகை எதற்குப் பின் திருப்ப வேண்டும் என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் புரட்டப் புரட்ட எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்று வாங்கும் செட்டைத் திறந்தால் ஒரு கறுப்புச் சில்லு தெரியும். அதற்குமேல் பழுதுபார்ப்பவனுக்கு அங்கே எதுவும் இல்லை.

காலையில் நான் குனிந்து பார்த்த அதே ரிசீவரை மேசையில் வைத்தார். முகப்பில் ஒரு அலுமினிய வார்ப்பு, அதில் வரிசையாக ஐந்து திருகுகள். ஒவ்வொரு திருகுக்கும் கீழே ஒரு சிறு அறை. அறைக்குள் தடித்த கம்பிச் சுருள் ஒன்று. ஹெலிக்கல் ரெசனேட்டர் என்பது இதன் பெயர். ஆண்டெனாவில் வந்து விழும் அத்தனை அலைகளும் இந்த ஐந்து அறைகளையும் கடந்தால்தான் முதல் டிரான்சிஸ்டரைத் தொட முடியும். பெரிய கோயிலில் ஒவ்வொரு வாசலிலும் கூட்டம் கழிந்துகொண்டே போய்க் கருவறை முன்னால் சிலர் மட்டும் நிற்பதைப்போல, ஐந்தாவது அறைக்கு வருகிறபோது வேண்டிய அலையும் அதன் மிக நெருங்கிய அக்கம்பக்கமும்தான் மிஞ்சும்.

முதலில் கிரிஸ்டல். வேண்டிய அலைவெண்ணிலிருந்து 11.2-ஐக் கழித்து 27-ஆல் வகுத்தால் கிரிஸ்டலின் எண் வரும். 449 மெகாஹெர்ட்ஸ் என்றால் 16.2148. முன்பெல்லாம் இந்த எண்ணை எழுதி ஓக்லஹாமா நகரத்து இன்டர்நேஷனல் கிரிஸ்டல் கம்பெனிக்கு அனுப்பினால் வெட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனி 2017-இல் கடையைக் கட்டிவிட்டது. "தபால்காரர் கொண்டுவரும் அந்தக் குட்டி டப்பாவுக்காக வாசலிலேயே காத்திருப்பேன்" என்றார். இப்போது கிரிஸ்டல் இருந்த இடத்தில், அதே எண்ணைத் தானே உண்டாக்கும் ஒரு சின்ன சிந்தசைசர் பலகையைப் பொருத்துகிறார். வேலை செய்கிறது. ஆனாலும் அவர் முகத்தில் அதற்கான உற்சாகம் இல்லை. அப்படியொரு பலகையால் அலையின் தூய்மை கொஞ்சம் கெடுகிறது என்பது அவர் எண்ணம். அளந்து பார்த்தவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்தது திருகுகள். மேலே தொங்கிய எல்.இ.டி. விளக்கை அணைத்தார், அதிலிருந்துகூட இரைச்சல் கசியும். சிக்னல் ஜெனரேட்டரை 449-இல் வைத்து, பலமான சிக்னல் கொடுத்தார். ஸ்பீக்கரில் "உஸ்ஸ்" என்ற இரைச்சலுக்கு அடியில் ஒரு மெல்லிய விசில். பூட்டு நட்டைச் சின்ன ஸ்பானரால் தளர்த்தி, முதல் திருகை மயிரிழை அளவு உள்ளே இறக்கினார். திருகு உள்ளே இறங்க இறங்க அந்த அறையின் அலைவெண் குறையும். விசில் தெளிந்தது. உடனே சிக்னலைக் குறைத்தார். மறுபடி இரைச்சல் மேலெழுந்தது. இரண்டாவது திருகு. விசில் மேலே வந்தது, சிக்னலை இன்னும் குறைத்தார். ஐந்து திருகும் முடிந்தபின் மறுபடி முதலிலிருந்து, ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் பக்கத்து அறையும் நகரும். நட்டை இறுக்கும்போதுகூடத் திருகு கொஞ்சம் அசைந்து ட்யூனிங் விலகும். ஒரு கையால் திருகைப் பிடித்துக்கொண்டே மறு கையால் நட்டை இறுக்கினார். மீட்டர் எதிரே இருந்தும் அதை அவர் அதிகம் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக் காதால் கேட்டே நிறுத்தினார்.

கடைசியில் மீட்டருக்குத் திரும்பினார். வெறும் இரைச்சலின் வோல்ட்டேஜைப் பத்தில் ஒன்றாக அடக்க எவ்வளவு சிக்னல் தேவை என்பதுதான் இந்தத் தொழிலின் பழைய அளவுகோல், இருபது டெசிபெல் குவையட்டிங். முள் நின்ற இடம் 0.35 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டை முப்பது லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

இவ்வளவு மெனக்கெடுவது வெறும் கூர்மைக்காக இல்லை. மலிவான கையடக்க செட்டுகூட மேசை மேல் இதே அளவைக் காட்டிவிடும். அதையே கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தால், பக்கத்துப் பெட்டியில் அலறும் டாக்ஸிக் கம்பெனியும் மருத்துவமனை பேஜரும் சேர்ந்து அதைச் செவிடாக்கிவிடும். ரிப்பீட்டரில் இன்னும் மோசம்: ரிசீவர் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழான குரலைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஐந்தே மெகாஹெர்ட்ஸ் தள்ளி, அதே ஆண்டெனாவில், அதன் சொந்த டிரான்ஸ்மிட்டர் நூறு வாட்டில் பேசிக்கொண்டிருக்கும். டூப்ளெக்சர் என்ற உலோக உருளைகள் பெரும்பகுதியைத் தடுக்கும். மீதியை இந்த ஐந்து அறைகள்தான் தடுக்க வேண்டும். நல்ல ரிசீவர் எதைக் கேட்கிறது என்பதைவிட எதை உள்ளே விடுவதில்லை என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும் என்று எனக்கு அந்த மேசை முன்னால்தான் உறுதிப்பட்டது.

என் கேள்வியைக் கேட்டேன். இந்தியாவில் எங்களுக்கு இந்தப் பக்கம் ஒதுக்கியிருப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. அதுவரை இதை இறக்க முடியுமா? அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஒஹாயோவில் ரிப்பீட்டர் கேட்பது 447-க்கும் 450-க்கும் நடுவில். ஒரு எட்டு நகர்ந்தால் போதும், திருகே பார்த்துக்கொள்ளும். நீங்கள் சொல்வது ரொம்பக் கீழே. இந்தச் செட்டைச் செய்த லிஞ்ச்பர்க் ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, அங்கே கேளுங்கள்."

இரவுச் சாப்பாடு சோள ரொட்டியும் பன்றி இறைச்சி போட்டு வேகவைத்த பீன்ஸும். சமைத்தவர் அவர் மனைவி. அவரும் ஹாம்தான். 1974 ஏப்ரல் 3-ஆம் தேதி ஜீனியாவின் பாதியைச் சுழற்காற்று வாரிக்கொண்டு போனபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அவர் பள்ளி மாணவி. 2019 மே 27 இரவு டேட்டனைச் சுழற்காற்று தாக்கியபோது, வானிலை நிலையத்துக்குத் தகவல் தரும் தன்னார்வலர்களின் குரல்களை இந்த மேசையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பதிவு செய்தவர் அவர். பழைய ஹாரா அரீனாவின் கூரையும் அன்றைக்குத்தான் பிய்ந்தது. "செல்போன் இருக்கிறதே என்று கேட்பார்கள். அன்றிரவு மின்சாரமும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. கேட்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்" என்றார்.

2004 டிசம்பர் 26-ஐ அவருக்குச் சொன்னேன். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்கென்று பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்கு வந்திருந்த குழு, சுனாமி அடித்ததும் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, உறவுகளைத் தேடியவர்களுக்குச் செய்தி கடத்தத் தொடங்கியது. அந்தத் தீவுகளில் தமிழர்கள் நிறைய. நாள்கணக்கில் ஊருக்குத் தகவல் கிடைக்காமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாயிண்ட் பிளசன்ட், மேற்கு வர்ஜீனியா

35-ஆம் நெடுஞ்சாலை தென்கிழக்கே போகப்போக நிலம் மடியத் தொடங்குகிறது. சில்லிகாத்தியைத் தாண்டினால் சமவெளி முடிந்துவிட்டது. ஒஹாயோ நதியின் மேல் இப்போதுள்ள பாலம் 1969-இல் கட்டியது. அதற்கு முன்பிருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்துமஸ் நெரிசலில், வண்டிகளோடு ஆற்றில் விழுந்து 46 பேர் மாண்டார்கள். தாங்கிய சங்கிலியில் ஒரே ஓர் எஃகுப் பட்டையில் விழுந்த சிறு விரிசல்தான் காரணம். அது போனால் சுமையைத் தாங்க மாற்று ஏற்பாடு இல்லை.

உணவகத்தில் பெப்பரோனி ரோல் சாப்பிட்டோம். நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கையில் எடுத்துப்போக இத்தாலியத் தொழிலாளர்களுக்காகப் பிறந்த ரொட்டி. உள்ளே வைத்த இறைச்சியின் எண்ணெய் மாவில் ஊறியிருக்கும். உடன் உட்கார்ந்த உள்ளூர் ஹாம், அந்தப் பாலத்தின் கதையைச் சொல்லிவிட்டுத் தங்கள் ரிப்பீட்டருக்குத் தாவினார். இந்த மலைமடிப்புகளில் ஒரு முகட்டிலிருந்து கேட்டால் அடுத்த பள்ளத்தாக்கு காதில் விழாது. அதனால் மூன்று முகடுகளில் மூன்று பழைய ரிசீவர்கள். எந்த ரிசீவரில் இரைச்சல் குறைவோ அந்தக் குரலை நொடிக்கு நொடி தேர்ந்தெடுக்கும் வோட்டர் என்ற கருவி ஒன்று. டிரான்ஸ்மிட்டர் நான்காவதாக ஓரிடத்தில். "கேட்கிற இடமும் பேசுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?" என்றார். இந்தச் சொல்லை நான் குறித்துக்கொண்டேன்.

கிரீன் பேங்க்

மார்லின்டனுக்கு வடக்கே கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. 1958-இல் 13,000 சதுர மைல் பரப்பைத் தேசிய ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்திருக்கிறார்கள். இதற்குள் ஹாம் ரிப்பீட்டர் ஒன்று வைப்பதானாலும் முதலில் கிரீன் பேங்க் ரேடியோ வானாய்வகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பச்சைப் பள்ளத்தாக்கு, மேயும் பசுக்கள், அவற்றுக்கு மேலே ரேடியோ தொலைநோக்கியின் 100 மீட்டர் அகல வெள்ளைத் தட்டு. தட்டுக்கு அருகே டீசல் வண்டி மட்டும்தான். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் பொறிகூட விண்மீன் குரலை மறைத்துவிடும்.

விடுதியில் தொலைபேசி சுவரோடு இருந்தது. காலைப் பலகாரம் பெயரில் மட்டும் கோதுமை உள்ள பக்வீட் தோசைகளும், ராம்ப்ஸ் என்ற காட்டுக் கீரையோடு வதக்கிய உருளைக்கிழங்கும். இளவேனிலில் மட்டும் மலைச்சரிவில் முளைக்கும் கீரை அது. பூண்டும் வெங்காயத்தாளும் கலந்த மணம்; வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்து இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

நான் பார்க்க வந்தது பெரிய தட்டை அல்ல. வாயிலருகே நிற்கும் பழைய தட்டை. குரோட் ரீபர் என்ற இளைஞர், ஹாம், பகலில் சிகாகோவில் ரேடியோக் கம்பெனி வேலை. 1937-இல் இல்லினாயின் வீட்டன் ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தில், சொந்தக் காசில், சுமார் ஒன்பதரை மீட்டர் அகலத்தில் இந்தத் தட்டைக் கட்டினார். விண்ணிலிருந்து வரும் அலைகளைத் தேடி முதலில் 3,300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். ஒன்றும் இல்லை. 900-க்கு இறக்கினார். ஒன்றும் இல்லை. மறுபடி ரிசீவரை மாற்றி 160-க்கு இறக்கினார். பால்வெளி கேட்டது. பகலில் தெருவில் கார்களின் இரைச்சல் என்பதால் இரவுகளில் விழித்திருந்து, ரேடியோ வானத்தின் முதல் வரைபடத்தை அவர் போட்டார். பல ஆண்டுகள் உலகத்தில் வேறு ரேடியோ வானியலாளரே இல்லை.

அந்தத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பல்கலைக்கழகமோ அரசோ சொல்லிச் செய்ததல்ல. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய மனிதர் மூன்றாம் முறையும் ரிசீவரைப் பிரித்திருக்கிறார். ஹாம்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்குகிறவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

லிஞ்ச்பர்க், வர்ஜீனியா

வார்ம் ஸ்பிரிங்ஸ், கோஷன் கணவாய், லெக்சிங்டன், பிறகு ஜேம்ஸ் நதியின் ஓரமாகவே இறங்கும் சாலை. லிஞ்ச்பர்க் செங்குத்தான தெருக்களின் ஊர். ஜெனரல் எலக்ட்ரிக் தன் வண்டி ரேடியோக்களை இங்கேதான் செய்தது. பின்னால் எரிக்சன் வந்தது, அதன்பின் வேறு பெயர்கள், இன்று எல்3ஹாரிஸ். டெக்சஸ் இன் கடையில் கவுன்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பொரித்த முட்டை வைத்த சீஸி வெஸ்டர்ன் என்ற பர்கரைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஜீனியாப் பெரியவர் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்த அம்மையார் வந்தார். அந்தத் தொழிற்சாலையில் ட்யூனிங் வரிசையில் வேலை பார்த்தவர். அவருடைய வரிசையில் பெரும்பாலும் பெண்கள்; நுண்ணிய திருகு வேலைக்குக் கை நடுங்காதவர்களாகத் தேடி எடுத்தார்களாம்.

எனக்கு வேண்டிய அலைவெண்ணைக் கேட்டதும் காகித நாப்கினை இழுத்து ஓர் அறையை வரைந்தார். சுருள், அதன் நுனிக்கு எதிரே திருகு. "திருகின் முனைக்கும் சுருளின் நுனிக்கும் நடுவில் இருப்பது ஒரு கெபாசிட்டர்தான். திருகை இன்னும் இறக்கினால் சுருளில் முட்டும். ஆகவே இறக்காதீர்கள். முனையில் ஒரு செம்புத் தகட்டை வட்டமாக வெட்டிப் பற்றவையுங்கள். பரப்பு கூடும், அலைவெண் இறங்கும். ஐந்து தகடும் ஒரே அளவில் இருக்கட்டும். சாலிடர் கொஞ்சமாக." இவ்வளவு எளிதாகவா என்று கேட்டேன். "எளிது என்று சொல்லவில்லை. ஐந்தையும் ஒரே மாதிரி செய்வதுதான் எங்கள் வேலையாக இருந்தது" என்றார். அப்படி இறக்கினால் அறைகளுக்கு நடுவிலுள்ள பிணைப்பு கொஞ்சம் மாறும், கூர்மை சற்றுக் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அடுத்த சிக்கலை அவரே கண்டுபிடித்தார். எங்கள் பட்டையின் மொத்த அகலமே நான்கு மெகாஹெர்ட்ஸ். கேட்பதற்கும் பேசுவதற்கும் இடையில் அமெரிக்கர்கள் விடும் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளி அதற்குள் அடங்காது. இரண்டு, மூன்று என்று நெருங்கி வந்தால் டூப்ளெக்சரும் இந்த ஐந்து அறைகளும் சேர்ந்தாலும் திணறும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பாயிண்ட் பிளசன்ட் நண்பரின் சொல்லை நான் அவரிடம் சொன்னேன். நாப்கினின் மறுபக்கத்தில் இரண்டு மலைகள் வரைந்தேன்: சேர்வராயன் மலை, அதற்குத் தெற்கே, நாமக்கல்லுக்குக் கிழக்கில் கொல்லிமலை. ஒன்றில் ரிசீவர் மட்டும், மற்றதில் டிரான்ஸ்மிட்டர் மட்டும், நடுவில் வேறொரு அலைவரிசையில் இணைப்பு. அப்படியானால் டூப்ளெக்சரே வேண்டாம், இடைவெளி குறைந்தாலும் பாதகமில்லை. அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு முகடுகளுக்கும் எவ்வளவு உயரம், எத்தனை கிலோமீட்டர், மின்சாரம் எங்கிருந்து வரும், இடி விழும் மலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினார்.